அந்தரத்தில் நின்ற பந்தும் அட்டை கிடைக்காத பிள்ளைகளும்

இந்தக் கதையில் வயிறு வலிக்கிற அளவுக்கு ஒரு சிரிப்பு இருக்கிறது, ஏமாந்த ஆள் ஒருவர் இருக்கிறார், தான் ஏமாந்துபோனது தெரிய அவருக்கு ஒரு வருடமும் பதினொரு நாளும் ஆனது. ஆனால் அந்தச் சிரிப்பை இப்போதே கேட்கக் கூடாது, ஏனென்றால் அதற்கு முன்னால் ஆலங்கோட்டையில் ஒரு பெண்பிள்ளை எந்தக் கூடைப்பந்துக் கிளப்பில் சேர்வது என்று முடிவுசெய்ய வேண்டும், அவள் அம்மா ஒரு தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்க வேண்டும், ஒரு பந்து தரைக்கு வர வேண்டும்.

பந்திலிருந்தே தொடங்கலாம். போன வருடம் மே மாதம், பஞ்சாலை மைதானத்தில், பஞ்சாலைக் கிளப்புக்கும் வான்மதி கிளப்புக்கும் இறுதி ஆட்டம், வான்மதி அறுபத்தொன்று, பஞ்சாலை அறுபது, இன்னும் ஒரே ஒரு நொடி, பஞ்சாலையின் துரைசிங்கம் எம்பி எறிந்தார், பந்து அவர் விரலை விட்டது, நேர மணி அலறியது, ஊரே அலறியது, அன்று சாயங்காலம்தான் உறையைக் கிழித்து எடுத்திருந்த அந்தப் புதுப் பந்து மெதுவாகச் சுழன்றபடி மேலே போய், வளையத்துக்கு ஒரு முழம் உயரத்தில், ஒரு முழம் இந்தப் பக்கமாக, நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. சுழல்வதை மட்டும் விடவில்லை.

நடுவர் சம்மனசு சார் இரண்டு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். பிறகு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்கோர் எழுதுகிறவரிடம் போய், "பந்து காத்துல இருக்கு. கீழ வந்து சேர்ற வரைக்கும் ஆட்டம் முடியல. நோட்டை மூடாதீங்க" என்றார். நோட்டை மூடவில்லை. மழைக்காலத்தில் அதன் மேல் பாலிதீன் உறை போட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் வாரம் சுற்றுவட்டாரத்திலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், இரண்டாவது வாரம் ஐஸ்காரரும் அவித்த கடலைக்காரரும் நிரந்தரமாக இடம் பிடித்தார்கள், மூன்றாவது வாரம் ஒரு கொக்கித் தடியால் இழுத்துவிட்டால் என்ன என்று வான்மதிக்காரர் ஒருவர் கேட்டார். "தொட்டா தப்பாட்டம்" என்றார் சம்மனசு சார். "எந்தக் கிளப் ஆளு தொடுறானோ அந்தக் கிளப் தோத்ததா எழுதிருவேன்." அதற்குப் பிறகு பட்டம் விடுகிற பிள்ளைகள்கூட நூலை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. காக்கைகள் எந்தக் கிளப் என்பதற்கு விதியில் ஏதும் இல்லாததால் அவர் மாநிலச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார், பதில் இன்னும் வரவில்லை, அதுவரை காக்கைகள் உட்கார்ந்துகொண்டன. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய அம்மாக்கள் பந்தைக் காட்டி ஊட்டினார்கள், அதற்கு அமாவாசை கிடையாது என்பது பெரிய வசதி. ஊருக்குப் புதிதாக வருகிறவரிடம், "பஸ் ஸ்டாண்டுல இறங்கி நேரா வந்தா பந்து தெரியும், பந்துக்கு இடது பக்கம் மூணாவது வீடு" என்று வழி சொன்னார்கள்.

ஆட்டம் முடியாததால் ஆடியவர்களும் போக முடியாது. பத்துப் பேரும் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து, அந்த நொடியில் எங்கே நின்றார்களோ அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். வான்மதியின் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு மீசை நரைத்தது, ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. துரைசிங்கத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை ஜெயிச்சவரா, தோத்தவரா?" என்று கேட்டார்கள். "இன்னும் தெரியலங்க" என்றார் அவர். "தெரிஞ்சதும் சொல்லி அனுப்புங்க" என்று காபியைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

சிரிப்பு இது இல்லை. பொறுக்க வேண்டும்.

அந்த ஊரில் ஜெசிந்தா என்று ஒருத்தி. பதிமூன்று வயது, ஒரே வருடத்தில் ஐந்து அங்குலம் வளர்ந்துவிட்டவள், கேட்ட எந்தச் சத்தத்தையும் வாயிலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறவள். குக்கர் சத்தம் போட்டுப் பக்கத்து வீட்டு அடுப்பை அணைக்க வைத்திருக்கிறாள். காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கிக் குரலில் "தக்காளி கூறு கட்டிப் போடறோம்" என்று அவள் தெருமுனையில் கத்த, வண்டிக்காரரே பை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். தலைமையாசிரியை, கண்டக்டர், கோயில் மைக், சர்ச் மைக், பள்ளிவாசல் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர், எல்லாரும் அவள் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். அவளுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா அமலிக்குத் தெரியும், அவளுக்கும் ஒரு சந்தேகத்தோடுதான் தெரியும்.

அவள் தொண்டை தோற்ற இடம் ஒன்றே ஒன்று. போன வருட இறுதி ஆட்டத்தில், சவுக்குக் கம்பு கேலரியின் உச்சியில் உட்கார்ந்திருந்தவள், அந்தக் கடைசி நொடியில் சம்மனசு சாரின் விசிலை வாயாலேயே ஊதினாள். பத்துப் பேரும் சிலை மாதிரி நிற்பார்கள், சம்மனசு சார் தன் விசிலையே முறைத்துப் பார்ப்பார் என்பது கணக்கு. ஊர் போட்ட கூச்சலில் ஒருத்தரும் திரும்பவில்லை. அந்த அவமானத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஏப்ரலில் இரண்டு கிளப்பும் கோடைப் பயிற்சிக்கு நோட்டீஸ் ஒட்டின. வான்மதியில் நீல பனியன், ஷூ, தினமும் சுண்டல். பஞ்சாலையில் இரண்டு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால், பனியன் சொந்தச் செலவு. ஜெசிந்தா இரண்டு நோட்டீஸையும் கிழித்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் போட்டாள்.

அமலி இரண்டையும் படித்தாள். "ஷூவும் சுண்டலும் இருக்கட்டும். பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இருக்கா? இதுல போடலையே?"

"அதெல்லாம் நோட்டீஸ்ல போடுவாங்களாம்மா?"

"போடலன்னா நேர்ல போய்ப் பாப்போம்."

வான்மதியில் பயிற்சியாளர் கிருபாகரன், கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டே தூங்குவார் என்று பேர் வாங்கியவர், அமலியைத் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கதவு இருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை இருந்தது. கீழே ஒரு செங்கல்.

"உள்ள போய் செங்கல்ல முட்டுக் குடுத்துக்குவாங்கம்மா. பிள்ளைங்களுக்குப் பழக்கம்தான்" என்றார் மைக்கில்.

"எம் பிள்ளைக்குப் பழக்கமில்ல" என்றாள் அமலி மைக் இல்லாமல்.

பஞ்சாலையில் தாழ்ப்பாள் இருந்தது. அமலி உள்ளே போய்ப் பூட்டி, மூன்று தடவை ஆட்டிப் பார்த்து, வெளியே வந்து, அண்ணாந்து பந்தைப் பார்த்துவிட்டு, "இது தலையில விழுமா?" என்று கேட்டாள். பயிற்சியாளர் தங்கபுஷ்பம், ஒருகாலத்தில் ரயில்வே அணிக்கு ஆடியவர், "விழுந்தா நல்லாருக்கும்னுதான் ஊரே காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

ஆனால் சேரப்போகிறவள் ஜெசிந்தா. அவளிடம் வேறொரு பரிசோதனை இருந்தது. இரண்டு இடத்திலும் மூன்று மூன்று நாள் போய்ப் பார்ப்பதாக அம்மாவிடம் அனுமதி வாங்கினாள். வான்மதியில் முதல் நாளே, கிருபாகரன் சுண்டலை ருசி பார்க்கப் போன நேரத்தில், அவருடைய மைக் குரலில், கரகரப்பும் இரண்டு செருமலும் சேர்த்து, "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றாள். முப்பத்தொரு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். கிருபாகரனும் போய் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, கேட் வரை ஓட்டி, அங்கே நின்று, யார் சொன்னது என்று யோசித்தார். ஜெசிந்தா அன்று சாப்பிடும்போதெல்லாம் சிரித்தாள். ஆனால் மறுநாள் அங்கே போகவில்லை. "ரொம்ப லேசா ஏமாறுறாங்கம்மா. அங்க நான் என்ன பண்றது?"

பஞ்சாலையில் காலை ஆறு மணிக்கு, தங்கபுஷ்பம் முதுகைக் காட்டி நின்றபோது, அவர் குரலிலேயே, "தண்ணி குடிச்சுட்டு வாங்க" என்றாள். பிள்ளைகள் குழாயடிக்குப் பாய்ந்தார்கள். தங்கபுஷ்பம் திரும்பவே இல்லை.

"குரல் எங்குரல்தான். ஆனா ஆறரைக்கு முன்னாடி நான் செத்தாலும் தண்ணி விடமாட்டேன். யாரது, அந்த ஒட்டடைக்கம்பா? பேரு என்ன?"

"ஜெசிந்தா" என்றாள் தங்கபுஷ்பத்தின் குரலில்.

"நல்லாருக்கு. நாலு சுத்து ஓடிட்டு வா. எந்தக் குரல்ல மூச்சு வாங்குதுன்னு பாப்போம்."

அப்படி அவள் பஞ்சாலையில் சேர்ந்தாள். விண்ணப்பத்தில் அமலி கையெழுத்துப் போட்டாள், இரண்டு போட்டோ ஒட்டினாள், பிறப்புச் சான்றிதழ் வைத்தாள். ஜெசிந்தா ஐந்து வாரம் ஓடினாள், குனிந்தாள், சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்தாள். இரண்டே எட்டில் எம்பி பலகையில் தட்டி உள்ளே போடும் லே-அப் முதல் தடவை விழுந்த அன்று, யாருடைய குரலிலாவது கத்துவாள் என்று எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஓடிப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி போட்டாள்.

அப்புறம்தான் அட்டை விஷயம் தெரிந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் மாவட்டத் தேர்வு, ஜூன் முதல் ஞாயிறு. அதில் நிற்க ஆட்டக்காரர் அட்டை வேண்டும். மாவட்டச் சங்கச் செயலாளர் பால்துரை இரண்டு கிளப் பிள்ளைகளையும், மொத்தம் ஐம்பத்தெட்டு பேரை, வரிசையில் நிற்க வைத்துக் கையை விரித்தார்.

"போன சீசன் இன்னும் முடியல கண்ணுங்களா. முடியாத சீசன் மேல புது சீசனை எப்படி ஏத்துவேன்? சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ரப்பர் ஸ்டாம்போட மைதானத்துலயே உக்காந்திருக்கேன். பந்து தரையைத் தொட்டா, சம்மனசு சார் முடிவை எழுதுனா, அந்த நிமிஷமே ஐம்பத்தெட்டு அட்டையிலும் குத்திருவேன். இல்லைன்னா அடுத்த வருஷம்."

அடுத்த வருடம் ஜெசிந்தாவுக்கு வயது கடந்திருக்கும். அன்று முழுக்க அவள் தன் அம்மாவின் குரலில்கூடப் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்த பொடிசுகளுக்குத் தங்கபுஷ்பம் முதல் பாடம் எடுத்தார். "விசில் கேட்டா எங்க இருக்கியோ அங்கயே நில்லு. என்ன ஏதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்." ஜெசிந்தாவுக்கு நாக்கு ஊறியது. வளையத்துக்குக் கீழே நின்று, சம்மனசு சாரின் விசிலை, விசிலுக்குள் உருளும் மணி குலுங்குகிற நடுக்கத்தோடு, வாயால் ஊதினாள். பொடிசுகள் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்தன. சந்தோஷமாக அண்ணாந்தவள் பார்த்தாள், ஒரு வருடமாக ஓயாமல் சுழன்றுகொண்டிருந்த பந்து சுழலவில்லை. விறைத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, 'நம்மைச் சொல்லவில்லை போல' என்கிற மாதிரி, மெதுவாகத் திரும்பவும் சுழலத் தொடங்கியது.

இன்னொரு தடவை ஊதினாள். இன்னொரு தடவை விறைத்தது.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது பயம் இல்லை, உள்ளங்காலிலிருந்து கிளம்பி வந்த ஒரு குளிர்ந்த சந்தோஷம். ஒருத்தர் ஏமாந்திருக்கிறார். அந்தக் கூச்சலில், அத்தனை ஆயிரம் காதில் ஒரு ஜோடிக் காதுக்கு, காதே இல்லாத ஒன்றுக்கு, அவள் விசில் கேட்டிருக்கிறது. பிறந்த அன்றே ஆட வந்த பந்து, விசில் கேட்டபோதெல்லாம் எல்லாரும் நிற்பதைத்தான் அந்த ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தது, அதனால் அதுவும் நின்றது. யாராவது 'சரி, போ' என்று சொல்வார்கள் என்று மரியாதையாக ஒரு வருடம் நின்றது. அந்தச் சந்தோஷம் தொண்டை வரை வந்து சேர்ந்தபோதுதான் பயம் வந்தது. துரைசிங்கத்தின் கல்யாணம், சம்மனசு சாரின் மூடாத நோட்டு, ஐம்பத்தெட்டு அட்டை, எல்லாம் இந்த ஒரு தொண்டையிலிருந்து வந்தது என்று தெரிந்தால், தங்கபுஷ்பம் விண்ணப்பத்தைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே கமுக்கமாக முடித்துவிடப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, பந்துக்குக் கீழே நின்று, சம்மனசு சார் குரலில், "ஆட்டம் தொடரலாம்" என்றாள். பந்து சுழன்றது. துரைசிங்கம் குரலில், "தாயே, இறங்கி வந்திரு" என்றாள். சுழன்றது. கிருபாகரனின் மைக் குரலில் வீட்டுக்குப் போகச் சொன்னாள், அமலியின் குரலில் சாப்பிடக் கூப்பிட்டாள், நேர மணி மாதிரி அலறினாள். ஒரு காக்கை மட்டும் எழுந்து போனது. ஒரு வருடத்தில் அந்த மைதானத்தின் எல்லாக் குரலையும் பந்து கேட்டுப் பழகியிருந்தது. எந்தக் குரல் எந்த வாயிலிருந்து வரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒலிக்காத சம்மனசு சாரின் விசிலைத் தவிர வேறு எதையும் நம்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். ஸ்கோர் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் பால்துரை ஸ்டாம்ப் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்துப் பேரும் அவரவர் இடத்தில். ஐம்பத்தெட்டு பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே. மருந்துக்கடையில் அனுமதி கேட்டு வந்திருந்த அமலி கேலரியில். ஐந்தே முக்கால். துரைசிங்கம் தூக்கிய கையை மடக்காமல், "உள்ள போனாலும் சரி, வெளிய போனாலும் சரி, போனாப் போதும்டா சாமி" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார், அதைத் தினமும் சொல்வார், ஆனால் அன்று ஜெசிந்தா அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், அது அவள் காதில் விழுந்தது.

அவள் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

"ஏய் ஒட்டடைக்கம்பு, வெளிய வா" என்றார் தங்கபுஷ்பம்.

"டீச்சர், போன வருஷம் விசில் ஊதுனது நான்தான்."

மைதானம் முழுக்க அங்கேயும் இங்கேயும் பார்த்தது. மெலிசாக, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, வாக்கியத்தின் முடிவில் உடைந்துபோகிற ஒரு குரல். "இது யாரு குரலு?" என்றார் கிருபாகரன். "கறிக்கடை செல்லையா மகளா?" "இல்லல்ல, நம்ம போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு." "யாரை மாதிரி பண்ணுது? பிடிபடலையே."

கேலரியில் அமலி எழுந்து நின்றாள். "அது அவ குரலுதாங்க" என்றாள்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். கேலரி உச்சி, கடைசி நொடி, வாய் விசில், வியாழக்கிழமை விறைத்தது, எல்லாம். சொல்லி முடித்து, "பேரை அடிச்சிடுங்க, பரவால்ல. மத்த பிள்ளைங்களுக்குக் குத்திக் குடுங்க" என்றாள். துரைசிங்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"நீயா?"

"நான்தான் அண்ணே."

"என் கல்யாணத்தை நிறுத்துனது நீயா?"

"தெரியாது அண்ணே. யாருமே ஏமாறலன்னு நெனச்சேன்."

தங்கபுஷ்பம் எல்லாரையும் பார்த்தார், பந்தைப் பார்த்தார், கடைசியில் சம்மனசு சாரைப் பார்த்தார். "சார், விதி என்ன சொல்லுது? வெளிய இருந்து யாரோ விசில் அடிச்சதால ஆட்டம் செல்லாதா?"

சம்மனசு சார் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

"அவ ஊதுனது செல்லாது, அது விசிலே இல்ல. நானே ஊதியிருந்தாலும்..." என்று கண்ணாடியைத் துடைத்தார், "நானே ஊதியிருந்தாலும், எறிஞ்ச பந்து காத்துல இருந்தா அதைக் கட்டுப்படுத்தாது. பந்து பாட்டுக்குப் போய் விழணும். நிக்கணும்னு எந்த விதியும் கிடையாது."

"இதை ஏன் சார் ஒரு வருஷமா சொல்லல?" என்றார் பால்துரை.

"யாரும் கேக்கலையே."

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ஜெசிந்தா பந்துக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்தாள். அந்த மெலிந்த, மூக்கடைத்த குரலில், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"கேட்டுச்சா? அது நான். பாரு, கையில ஒண்ணும் இல்ல."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உதட்டைக் குவித்து, எல்லாரும் பார்க்க, அந்த விசிலை ஊதினாள். மணி குலுங்குகிற நடுக்கம்கூட அப்படியே இருந்தது. பத்துப் பேரும் பழக்கத்தில் விறைத்தார்கள். சம்மனசு சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பந்து சுழல்வதை நிறுத்தியது. முதல் தடவையாக எதிர்ப்பக்கம் திரும்பியது, கொஞ்சம் கொஞ்சமாக, பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டவரைப் பார்க்கத் திரும்புகிற ஆளைப் போல, காற்று அடைக்கும் துளை கண் மாதிரி கீழ்நோக்கி வரும்வரை திரும்பியது. அது சம்மனசு சாரைப் பார்த்தது. அவர் பையிலேயே கிடந்த விசிலைப் பார்த்தது. ஜெசிந்தாவின் குவிந்த உதட்டைப் பார்த்தது. ஒரு வருடமும் பதினொரு நாளும் தன் மேல் உட்கார்ந்துபோன காக்கைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

கேலரியில் யாரோ முதலில் களுக்கென்றார்கள். அது அமலி என்று பிறகு சொன்னார்கள். துரைசிங்கம் தூக்கிய கையோடு குலுங்கினார். சம்மனசு சார் சிரித்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை, அவருக்கு மேல் பல் ஒன்று இல்லை என்பது ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

பந்துக்கு விளங்கிவிட்டது. வளையத்தை அது மறந்தே போனது. ஒரு முழம் தள்ளியே விழுந்து, சிமெண்ட் தரையில் டப்பென்று அறைந்தது, துரைசிங்கத்தின் கை பொத்தென்று இறங்கியது, சம்மனசு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வான்மதி அறுபத்தொன்று, பஞ்சாலை அறுபது என்று எழுதினார், பால்துரை முதல் அட்டையில், தங்கபுஷ்பம் விரல் வைத்துக் காட்டிய ஜெசிந்தாவின் அட்டையில், ஓங்கிக் குத்தினார். பந்து யாருடைய கைக்கும் போகவில்லை. எழும்பியது, திரும்பியது, டப் டப் டப்பென்று மைதானத்தைக் குறுக்கே கடந்து, ஜெசிந்தாவைத் துரத்தத் தொடங்கியது.